அட்டை அணைக்கும் விளக்கும் நாம் அணைக்கும் விளக்கும்

கோடை விடுமுறையில் நம் குடும்பத்தினர் பலரும் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டிற்குச் செல்கின்றோம். இத்தகைய மலைவாசத் தலங்களின் புதிய விடுதிகளிலும், உல்லாசக் கப்பல்களின் அறைகளிலும் இக்காலத்தில் ஓர் அமைப்பைக் காணலாம். கதவருகே சுவரில் ஒரு சிறு பெட்டி இருக்கும். அறைச் சாவியாகிய அட்டையை அதில் செருகினால் விளக்கு எரியும். எடுத்துக்கொண்டு வெளியேறினால் சில நொடிகளில் அணைந்துவிடும்.

ஆளில்லா அறையில் விளக்கு அணைவது நன்றே. ஆயினும் அதனை அணைத்தது நாமா, அட்டையா? இயந்திரம் காத்த ஒழுக்கம் நம் ஒழுக்கமாகுமா?

சமந்தபத்திராசாரியார் அருளிய இரத்தின கரண்ட சிராவகாசாரம் இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்றாக அனர்த்த தண்ட விரதத்தைக் கூறுகின்றது. பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைக் கொட்டுதல், தீயை மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவை இவ்விரதத்தார் விலக்க வேண்டிய பிரமாதச் செயல்கள். ஆளில்லா அறையில் எரியும் விளக்கும் இவ்வகையினதே. சேர்வராயன் மலைக்கு அண்மையில், சேலம் மாவட்டத்திலேயே, 1,440 மெகாவாட் திறனுள்ள மேட்டூர் அனல் மின்நிலையம் நிலக்கரியை எரிக்கின்றது. நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இவ்வாறு தீயிலிருந்தே பிறக்கின்றது. மேலும், காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த அம்மலையில் இரவு விளக்கை நாடிவரும் விட்டில்கள் நான்கு பொறியுடைய உயிர்கள் அல்லவா?

விட்டிலுக்கு விளக்கை அணைத்தவர் யார் என்பது பொருளன்று, அது பிழைத்தது. ஆதலின் அட்டையை நாம் இகழ வேண்டியதில்லை. ஆனால் நம் ஆன்மாவிற்கு அது போதாது. சமையற்கூடம் மூடியிருந்தமையால் இரவில் உண்ணாதவரை இரவுண்ணா விரதத்தினர் என்று நாம் கூறுவதில்லை. விரதம் என்பது தீமை செய்ய வாய்ப்பிருந்தும் மனம் அறிந்து விலகுவது. அட்டை வேலி, பயிர் நம் பரிணாமமே.

அவ்வேலியையும் தாண்டுவோர் உளர். எளிய வகைப் பெட்டியில் அட்டை ஒரு விசையை அழுத்துவதன்றி வேறொன்றும் செய்வதில்லை. எனவே பழைய முகவரி அட்டை ஒன்றைச் செருகிவிட்டு ஊர் சுற்றச் செல்கின்றனர். திரும்பும்போது அறை வசதியாக இருக்க வேண்டுமாம், வாடகை கொடுத்திருக்கின்றோமாம்! மறதியால் விளக்கை விட்டுச் செல்வது சோர்வு. மாற்று அட்டை செருகுவதோ திட்டமிட்ட செயல். அறையில் ஆள் உண்டு என்று அறிவிக்கும் அடையாளத்தைப் பொய்யாக வைத்துச் செல்வது வாய்மைக்கும் ஊறாகும். வாடகை அறையைத் தரும். வீண் இம்சைக்கு உரிமை தராது. குளிரில் வைக்க வேண்டிய மருந்து போன்ற மெய்யான தேவை இருப்பின், விடுதிப் பணியாளரிடம் கூறி வழி கேட்பதே முறை.

விடுமுறை சில நாள்களே. நம் இல்லங்களின் கதவருகே அத்தகைய பெட்டி இல்லை. அங்கு அறையை விட்டு நீங்கும்போது கை தானே விசையை நாடுமாயின், அதுவே விரதம். பிள்ளைகளுக்கு நாம் அதனைச் சொல்லித் தருவதினும் செய்து காட்டுவோமாக.