நம் வீட்டில் எத்தனை பேர்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் நம் வாசலில் நின்று கேட்கும் கேள்விகளுள் மிக எளியதாகத் தோன்றுவது, இவ்வீட்டில் வாழ்வோர் யார் யார் என்பதே. 2011ஆம் ஆண்டுப் படிவத்தின் 29 கேள்விகளில் முதலாவது, பெயர். இரண்டாவது, குடும்பத் தலைவருக்கு அவர் என்ன உறவு என்பது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஆம் நாள் அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. அப்போது நாம் யாரைச் சொல்வோம், யாரை விட்டுவிடுவோம்?

குடும்பத்திற்குக் கணக்கெடுப்புத் துறை தரும் இலக்கணம் சிந்திக்கத்தக்கது. வழக்கமாக ஒன்றாக வாழ்ந்து, ஒரே சமையலறையிலிருந்து உண்போர் ஒரு குடும்பத்தினர். இரத்த உறவு நிபந்தனை அன்று. வீட்டிலேயே தங்கி உண்ணும் வேலைக்காரப் பெண்ணும் அக்குடும்பத்தில் ஒருவரே. ஒரே அப்பத்தில் பங்குகொள்வதால் ஓருடலாகிறோம் என நம்பும் நமக்கு இவ்விலக்கணம் புதியதன்று.

ஆயினும் நடைமுறை என்ன? முறைவைத்து மக்கள் வீடுகளில் மாறி மாறித் தங்கும் முதிய தாயை, ஒவ்வொரு மகனும் மற்றவன் வீட்டுக் கணக்கில் தள்ளிவிடுவதுண்டு. எல்லா வீட்டிலும் விருந்தாளியாகிவிட்டவள் எந்த வீட்டிலும் எழுதப்படாமற் போகலாம். மனநோயுற்ற தம்பியையும், கணவனைப் பிரிந்து வந்த மகளையும் சொல்ல நாக் கூசுகிறது. பொய் ஏதும் சொல்லவில்லையே என நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் சொல்லாமல் விடுவதும் பொய்யாகக் கூடும்.

குடும்ப மானத்தைக் காப்பது நம் கடமையன்றோ எனச் சிலர் வினவலாம். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டமே, வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. வழக்கம் காரணமாகக் கணவன் பெயரைச் சொல்லாத மனைவியையும் வற்புறுத்துவதில்லை. ஆனால் பெயரைச் சொல்லாதிருப்பது வேறு. ஆளே இல்லை என்பது வேறு. முன்னது நாணம், பின்னது மறுதலிப்பு. தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுருவிடம் கேட்கப்பட்டதும் உறவைப் பற்றிய கேள்விதானே!

எண்ணிக்கை நூலின் தொடக்கத்தில், 20 வயதும் அதற்கு மேலும் ஆகி, போருக்குச் செல்லத்தக்க ஆண்களே எண்ணப்பட்டனர். படைக்கு ஆள் தேடிய கணக்கு அது. பயன்படுவோரை மட்டும் எண்ணும் அவ்வழக்கம் நம் இல்லங்களுக்குள்ளும் நுழைந்துவிடலாகாது. சம்பாதிப்பவர் மட்டும் குடும்பம், பிறர் சுமை என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் குடிகொண்டால், வாய் தானாகவே சிலரை விட்டுவிடும்.

புனித சூசையப்பர் நமக்கு வேறு வழியைக் காட்டுகிறார். 'மீட்பரின் காவலர்' என்னும் 1989ஆம் ஆண்டுத் திருத்தூது ஊக்கவுரையில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், பெத்லகேம் பயணத்தைக் குறித்துச் சிந்திக்கிறார். அகுஸ்து சீசரின் கட்டளைக்குப் பணிந்து சென்ற சூசையப்பர், இயேசுவின் பெயரைத் தம் மகனென உரோமைப் பேரரசின் பதிவேட்டில் இடம்பெறச் செய்தார் என்கிறார். உடல்வழியில் தாம் தந்தையல்லர் என்பதை நன்கறிந்தவர் அவர். ஆயினும் கருவுற்றிருந்த அன்னை மரியாவைத் தம்முடன் அழைத்துச் சென்றார். பிறந்த குழந்தையைத் தம்முடையதென ஏற்றார். உறவு என்பது பிறப்பால் மட்டும் வருவதன்று, பொறுப்பேற்பதாலும் வருவது.

நூறு ஆடுகளுள் ஒன்று குறைந்ததை ஆயன் அறிந்தது, அவன் எண்ணிப் பார்த்ததனால் அன்றோ! ஆகவே கணக்கெடுப்பாளர் வருமுன், நம் அடுப்பங்கரையில் நாமே ஒரு கணக்கெடுப்போம். இங்கு உண்போர் எத்தனை பேர்? அவர்களுள் நம்மோடு ஒன்றாக அமர்ந்து உண்போர் எத்தனை பேர்? பின்கட்டில் தனியே தட்டு வைக்கப்படுவது யாருக்கு? அவருக்கு நாம் என்ன உறவு? இவற்றிற்கு உண்மையான விடை கண்ட பின், வாசலில் நிற்பவரிடம் நாம் தயக்கமின்றிப் பேசலாம்.