அமைதியின் விலையை யார் கொடுப்பது?

1998 ஜனவரியில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகர மண்டபத்தின் முன், வீட்டுப் புல்வெளிகளைப் பராமரிக்கும் தொழிலாளர் சிலர் உண்ணாவிரதம் இருந்தனர். இலத்தீன் அமெரிக்காவிலிருந்து குடியேறியோரே இத்தொழிலில் பெரும்பான்மையினர். காற்றை உந்திச் சருகுகளை ஒதுக்கும் பெற்றோல் இலையூதியைக் குடிமனைகளிலிருந்து 500 அடிக்குள் இயக்கலாகாதென நகரசபை தடை விதித்திருந்தது.

அயலவரின் முறைப்பாடு நியாயமானதே. எண்ணெய் கலந்த பெற்றோலில் இயங்கும் அச்சிறு இயந்திரம் காதைத் துளைக்கிறது. எரிபொருளில் ஒரு பகுதியை எரிக்காமலே புகையோடு கக்குகிறது. ஆயின் அப்புகையை முதலில் விழுங்குபவன் அதை முதுகிற் சுமப்பவனன்றோ? அவனே தடையை எதிர்த்துப் பட்டினி கிடந்தானென்றால், நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

விளக்குமாற்றைக் கையிலெடுத்தால் நேரம் கூடும். ஒரு நாளிற் பார்க்கும் வீடுகள் குறையும். வீட்டுக்காரர் கூலியை உயர்த்தாதவரை அவ்விழப்பு முழுவதும் தொழிலாளியினுடையது. (சருகு விழுந்த இடத்திலேயே கிடந்தால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கவும் நமக்குத் தோன்றுகிறது.)

வேலை செய்பவரோடு அவரை அமர்த்தியவரையும் அச்சட்டம் பொறுப்பாக்குகிறது. நல்ல விதிதான். எனினும் இரைச்சலோடு வெளியில் நிற்பவன் அகப்படுவது எளிது. ஏவியவர் கதவுக்குப் பின்னால் இருக்கிறார்.

வாஷிங்டன் நகரிலும் 2022 ஜனவரி முதல் இத்தகைய தடை நடைமுறையில் உள்ளது. இன்று மின்கலத்தில் இயங்கும் ஊதிகள் உண்டு. ஆனால் ஒரு நாள் முழுவதும் வேலை செய்யப் பல மின்கலங்கள் வேண்டும். தடையை நாம் ஆதரிக்கிறோம். அம்மின்கலங்களின் விலை மட்டும் புல்வெளிக்கு உரியவரின் கணக்கிலேயே எழுதப்பட வேண்டும்.