கொடுத்தவர் காத்திருக்கலாமா?

ஞாயிறு ஆராதனையில் காணிக்கை அறிவிப்பு வரும்போது சபை சற்று நிமிர்ந்து உட்காரும். மகனுக்கு வேலை கிடைத்ததற்காக ஒரு குடும்பம், அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்காக இன்னொரு குடும்பம் என்று, ஸ்தோத்திர காணிக்கை செலுத்தியவர்களின் பெயரும் பல சபைகளில் தொகையும் வாசிக்கப்படும். இதில் குற்றம் தேட வேண்டியதில்லை. பெற்ற நன்மையைச் சபை நடுவே சொல்வது சங்கீதக்காரர் காலத்து வழக்கம். தொகையைச் சொன்னால் கணக்குக்கும் நல்லது என்பார் பொருளாளர். கடவுளுக்குச் செலுத்தும் நன்றியைப் பற்றிக் கிறிஸ்தவர்களுக்குக் குழப்பம் அதிகமில்லை. மனிதருக்கு மனிதர் என்று வரும்போதுதான் சிக்கல். உதவி செய்தவர், உதவி பெற்றவரிடம் நன்றியை எதிர்பார்க்கலாமா?

வீட்டு வேலைக்கு வரும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். கிறிஸ்துமஸுக்குச் சேலை, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், காய்ச்சல் என்றால் மாத்திரை, எல்லாம் அந்த வீட்டில் கிடைக்கிறது. ஒருநாள் அவர் சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கேட்கிறார். "இவ்வளவு செஞ்சும் கூசாம கேக்கிறாளே" என்று வீட்டம்மாவின் முகம் சுருங்குகிறது. அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. தினமும் ஜெபிக்கிறவர், இரங்கத் தெரிந்தவர். ஆனாலும் அந்த ஒரு பேச்சில் சேலையும் கட்டணமும் கடனாக மாறிவிட்டன. அந்தக் கடனுக்கு வட்டி பணிவு. கூலியோ தர்மக் கணக்கில் வரவே கூடாதது. வயலறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று எச்சரிக்கிறது யாக்கோபின் நிருபம். கூலியில் குறைத்ததைச் சேலையாகக் கொடுத்து, அதற்கு நன்றியும் கேட்டால் ஒரே ஆளிடம் இரண்டு முறை எடுத்ததாகிறது.

இந்த இடத்தில் பழைய ஏற்பாடு காட்டும் நுணுக்கம் வியப்பானது. அறுப்புக் காலத்தில் வயலின் ஓரங்களைத் துடைத்து அறுக்கக் கூடாது, சிந்திய கதிரை நிலத்துக்காரர் பொறுக்கக் கூடாது. அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை என்கிறது லேவியராகமம். இந்த ஏற்பாட்டில் கொடுப்பவர் எதிரே வந்து நிற்பதே இல்லை. வாங்குபவர் கையேந்துவதும் இல்லை, குனிந்து பொறுக்குகிறார், அவ்வளவுதான். இந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி இருந்திருக்கும் என்பதை ரூத்தின் கதையில் பார்க்கலாம். மோவாபிலிருந்து மாமியாரோடு வந்த விதவை அவள். பெத்லகேமில், வாற்கோதுமை அறுப்பின்போது, போவாஸின் வயலில் கதிர் பொறுக்கப் போகிறாள். அவன் ஆதரவாகப் பேசியதும் தரையில் விழுந்து வணங்குகிறாள். நன்றியை எதிர்பார்க்கிற மனிதனுக்கு அதோடு கதை முடிந்திருக்கும். போவாஸ் அதற்கு மேலும் போகிறான். சாப்பாட்டு வேளையில் அவளை அறுவடைக்காரர்களோடு உட்கார வைத்து வறுத்த கோதுமை கொடுக்கிறான். அவள் எழுந்து போன பிறகு வேலையாட்களிடம் சொல்கிறான்: கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சில கதிர்களை உருவிப் போடுங்கள், அவளை அதட்டாதீர்கள். மாலையில் அவள் தட்டி எடுத்த தானியம் அவளே பொறுக்கியது, அவளுடைய உழைப்பு. (அளவைப் பார்த்ததும் மாமியார் நகோமிக்கு விஷயம் விளங்கிவிடுகிறது; மாமியார்களிடம் எதை மறைக்க முடியும்!)

கலாத்தியர் நிருபத்தில் பவுல் ஆவியின் கனியாக ஒன்பதைச் சொல்கிறார். தயவு ஐந்தாவது, இச்சையடக்கம் கடைசி. பிரசங்கங்களில் இரண்டும் தனித்தனியாகவே வரும். தயவென்றால் அடுத்தவருக்குச் செய்வது, இச்சையடக்கமென்றால் குடியையும் கோபத்தையும் விடுவது, லெந்து நாட்களில் கறியைத் தவிர்ப்பது. போவாஸின் வயலில் இரண்டும் ஒரே செயல். நாக்குக்கு ருசி வேண்டியிருப்பதைப்போல், கொடுப்பவருக்குத் தான் கொடுத்தது தெரியவேண்டியிருக்கிறது. புண்ணியத்தின் உடையில் வருவதால் இந்த இச்சை எளிதில் பிடிபடாது. டிசம்பரில் அரிசிப் பையோடு ஒரு மூதாட்டியை நிறுத்திப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறவர், நாற்பது நாளும் கறி தொடாதவராக இருக்கக்கூடும்.

எதிர்வாதத்துக்கும் பலம் இருக்கிறது. குணமான பத்துக் குஷ்டரோகிகளில் சமாரியன் ஒருவன் மட்டும் திரும்பி வந்தபோது, மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டாரே? கேட்டார். ஆனால் அந்த ஒன்பது பேரும் குணமானவர்களாகவே இருந்தார்கள். ஒருவனுக்கும் நோய் திரும்பியதாக லூக்கா எழுதவில்லை. இயேசு தேடியதும் தேவனுக்குச் சேரவேண்டிய மகிமையை. பவுலின் கதை இன்னும் சங்கடமானது. ஒநேசிமு என்ற அடிமைக்காக அவனுடைய எஜமான் பிலேமோனுக்கு எழுதும்போது, நீ உன்னையே எனக்குக் கடன்பட்டிருக்கிறாய், அதைச் சொல்ல வேண்டாமென்று பார்க்கிறேன் என்கிற பாணியில் சொல்லியே விடுகிறார்! அப்போஸ்தலரானாலும் கணக்கு மறக்கவில்லை. ஆனால் அந்தக் கடனைத் தமக்காக அவர் வசூலிக்கவில்லை. சொந்தக் குரலுக்கு மதிப்பில்லாத ஓர் அடிமையின் பேரில் திருப்பிவிட்டார். நன்றியை நினைவூட்டியே ஆகவேண்டும் என்றால் அதற்கு இந்த ஒரு வழிதான் நியாயமாகப் படுகிறது.

பெற்றவர் நன்றியோடு இருந்துகொண்டே பணிய மறுக்கலாம். அதற்குத் திருநெல்வேலிச் சீமையிலேயே சாட்சி உண்டு. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் பேசினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. மிஷனெரிகளின் தியாகத்தை அவர் குறைத்துப் பேசவில்லை. வருங்காலச் சபை அதை நன்றியோடு நினைக்கும் என்றார். ஆனால் அவர்களுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவே எஜமான் வேலைக்காரன் தூரம் இருக்கிறது, எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று முகத்துக்கு நேரே கேட்டார். அரங்கில் சிலருக்கு அது கசந்தது. பள்ளியும் மருத்துவமனையும் கொடுத்தவர்கள் காதில் அது நன்றிகெட்ட பேச்சாக விழுந்திருந்தால் ஆச்சரியமில்லை.

அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1903இல், அவரும் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களும் சேர்ந்து பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். நூறாண்டுக்கு மேலாகக் கடல் கடந்து வந்த உதவியைப் பெற்றவர்கள், தங்கள் காசில், தங்கள் ஆட்களைத் தெலுங்கு நாட்டு தோர்ணக்கல் பக்கம் அனுப்பினார்கள். அங்கே இருந்தவர்கள் இவர்களுக்கு எதுவும் கொடுத்தவர்கள் அல்ல.