பிடிப்பதும் பார்ப்பதும்

டார்ஜிலிங் மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7000 அடி உயரத்தில் அமைந்துள்ளது பத்மஜா நாயுடு இமாலய விலங்கியல் பூங்கா. 1958-ல் தொடங்கப்பெற்ற இப்பூங்காவிற்கு வருவோர் பெரும்பாலும் இரண்டு விலங்குகளைத் தேடியே வருகின்றனர். ஒன்று பனிச்சிறுத்தை, மற்றொன்று செம்பாண்டா. செம்பாண்டா வீட்டுப் பூனையைவிடச் சற்றே பெரியது. சிவந்த மேனி, வெண்மை படர்ந்த முகம், வளையம் வளையமாக நிறம் மாறும் நீண்ட வால். பகல் பொழுதில் அது மரத்தின் உயர்ந்த கிளையில் வாலை முகத்தின்மேல் போர்த்திக்கொண்டு சுருண்டு உறங்கும். ஆகவே வந்தவர்களுக்குப் பல வேளைகளில் கிடைப்பது அந்த வாலின் காட்சி மட்டுமே.

கீழே நிற்பவர்களோ வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் மணிக்கணக்காகப் பயணம் செய்து வந்தவர்கள். கையில் கேமரா இருக்கிறது; அல்லது செல்போன். அவர்களுக்கு வால் போதவில்லை, முகம் வேண்டும். ஒருவர் சீழ்க்கை அடிக்கிறார். இன்னொருவர் கைதட்டுகிறார். தோளில் அமர்ந்திருக்கும் குழந்தையிடம், "நீ கூப்பிடு கண்ணா, உன்னைத் திரும்பிப் பார்க்கும்" என்கிறார் ஒரு தந்தை. இவர்களில் யாரும் கெட்டவர் அல்லர். கூண்டுக்குள் கல்லெறிபவனைக் கண்டால் அனைவரும் ஒன்றுகூடித் தடுப்பார்கள். ஆனால் ஒரு படத்துக்காக உறங்கும் உயிரை எழுப்பலாமா என்று கேட்டால், "படம் எடுப்பதனால் அதற்கு என்ன குறைந்துவிடப் போகிறது?" என்பதே விடையாக வரும்.

இந்த விடையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நூறாண்டுகளுக்கு முன்னர் மன்னர்களும் ஆங்கிலேய அதிகாரிகளும் புலியைச் சுட்டு வீழ்த்தி, அதன் உடலருகே நின்று தம்மைப் படமெடுத்துக் கொண்டனர். இன்று துப்பாக்கி இருந்த கையில் கேமரா இருக்கிறது. இது மெய்யான முன்னேற்றம். இமயத்துக்கே சென்றிராத பல்லாயிரம் பேர் செம்பாண்டாவின்மீது அன்பு கொண்டதும் படங்களின் வழியாகத்தான். படத்தில் பதிந்ததனால் அதன் உடலில் ஓர் உரோமமும் குறையவில்லை.

எனினும், படத்தைப் 'பிடிப்பது' என்றும் 'எடுப்பது' என்றும் தமிழ் சொல்கிறது. பேச்சு வழக்கில் சாதாரணமாக வந்து விழும் இச்சொற்கள் அச்செயலுக்குள் இருக்கும் மனத்தை நன்றாகவே காட்டிக் கொடுக்கின்றன. விலங்குக்காட்சிச்சாலையில் இருக்கும் உயிர் முன்னரே பிடிக்கப்பட்டுவிட்டது. அல்லது பிடிக்கப்பட்டவற்றின் வழியில் பிறந்தது. ஓடுவதற்குக் காடு இல்லை. ஏறிக் கடப்பதற்கு மலை இல்லை. அதற்கு எஞ்சியிருக்கும் சுதந்திரம் ஒன்றே ஒன்று: இலைகளுக்குப் பின்னால் போய் அமர்ந்துகொள்வது. சீழ்க்கையும் கைதட்டலும் அந்த ஒன்றையும் கேட்கின்றன. அது இரண்டாம் முறை பிடிபடுகிறது.

ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஹைனி ஹெடிகர் என்ற அறிஞர் விலங்குக்காட்சிச்சாலைகளின் இயக்குநராகப் பல்லாண்டுகள் பணியாற்றியவர். ஒவ்வொரு காட்டு விலங்குக்கும் ஒரு விலகல் தூரம் உண்டு, அதற்குள் மனிதன் நுழைந்தால் அது ஓடத் தொடங்கும் என்று அவர் விளக்கினார். கூண்டில் அந்தத் தூரத்துக்கு இடமில்லை. ஆகவேதான் மறைவிடம் இன்றியமையாததாகிறது. ஓட முடியாத இடத்தில் ஒளிதலே ஓட்டம்.

மறைவதைக் கோழைத்தனம் என்றோ முரட்டுப் பிடிவாதம் என்றோ கொள்வது பார்ப்பவரின் அறியாமை. செம்பாண்டாவின் முதன்மையான உணவு மூங்கில் இலை. அதில் சத்து மிகக் குறைவு. கிடைக்கும் சிறிதளவு சக்தியைச் சிக்கனமாகச் செலவிட வேண்டியிருப்பதால் அது நெடுநேரம் அசையாமல் கிடக்கிறது. அந்தியிலும் வைகறையிலுமே மிகுதியாக நடமாடுகிறது. அதன் செந்நிறம் பாசி படர்ந்த மரக்கிளைகளோடு கலந்துவிடுகிறது. கீழிருந்து நோக்கினால் கருத்த வயிறு நிழலோடு நிழலாகிவிடும். கண்ணில் படாதிருப்பதற்காகவே அமைந்த உடல் அது. தேவாங்கு போன்ற இரவு விலங்குகளின் நிலை இன்னும் நுட்பமானது. ஐதராபாத் நேரு விலங்கியல் பூங்காவில் இத்தகைய விலங்குகளுக்கென்று தனிக்கூடம் உண்டு. பகலில் அங்கே மங்கிய ஒளியை வைத்து இரவைப் போலச் செய்கிறார்கள். நட்சத்திர ஒளியிலேயே பூச்சியைத் தேடிக் கண்டுகொள்ளும் விழிகளின் முன் ஒரு பிளாஷ் வெளிச்சம் பளிச்சிடுவது எத்தகையது என்பதை, நள்ளிரவில் உறக்கம் கலைந்து விளக்கின் முன் கண்கூசி நின்றவர் எவரும் ஓரளவு உணர்வர்.

கட்டணம் செலுத்தித்தானே உள்ளே வந்தோம் என்ற வாதமும் உண்டு. கட்டணம் வாயிலைத் திறக்கிறது, அவ்வளவே. சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், விலங்குக்காட்சிச்சாலையில் உள்ள விலங்கைச் சீண்டுவதை மட்டுமன்றி, ஓசையாலோ வேறு வகையாலோ அதன் அமைதியைக் குலைப்பதையும் தடை செய்கிறது. ஆனால் சட்டத்தின் கை எட்டாத இடத்தில்தான் அறத்தின் கேள்வி தொடங்குகிறது. காவலர் அப்பால் சென்ற பின்பு என்ன செய்வது?

கொல்கத்தாவின் அலிப்பூர் விலங்கியல் தோட்டத்தில் நூறாண்டுக்கும் மேலாக ஒரு பெரிய ஆமை வாழ்ந்தது. அதன் பெயர் அத்வைதா. 2006 மார்ச்சில் அது இறந்தது. சுவாமி விவேகானந்தர் சகோதரி நிவேதிதை, சுவாமி யோகானந்தர் ஆகியோருடன் அத்தோட்டத்துக்குச் சென்று, கண்காணிப்பாளர் ராம்பிரம்ம சன்யாலுடன் உயிர்களின் பரிணாமம் பற்றி உரையாடிய நாட்களிலும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. அந்தப் பெயரைச் சூட்டியவர் எதை நினைத்துச் சூட்டினாரோ, ஆமைக்கு அது பொருந்தவே செய்கிறது. கீதையின் இரண்டாம் அத்தியாயம் நிலைத்த அறிவுடையவனுக்கு ஆமையைத்தான் உவமை காட்டுகிறது. வள்ளுவரும் அடக்கமுடைமை அதிகாரத்தில் அதையே கூறுகிறார். இவ்விரண்டையும் மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடிய ஒருவர், உறுப்புகளை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்ட ஆமையின் முன் நின்று, தலையை எப்போது நீட்டும் என்று கம்பியைத் தட்டுவதும் நடக்கத்தான் நடக்கிறது. உவமையை வணங்குவது எளிது. உவமையாய் நிற்கும் உயிரின் முன் பொறுமையோடு நிற்பது அவ்வளவு எளிதாக இல்லை.

அதே மனிதர் கோயிலில் வேறொருவராக இருக்கிறார். அலங்காரத்தின்போது கருவறையின் திரை மூடியிருக்கிறது. அரை மணி ஆகிறது. ஒரு மணியும் ஆகிறது. அவர் திரையை விலக்கச் சொல்வதில்லை. தெய்வம் காட்சி தரும். தான் அதை எடுத்துக்கொள்வதற்கில்லை என்று அவருக்குத் தெரியும். தரிசனம் என்பதன் முழுப் பொருளும் அந்தக் காத்திருப்பில் அடங்கியிருக்கிறது. எல்லா உயிரிலும் இறைவன் உறைகிறான் என்று நாள்தோறும் சொல்லும் நாவுக்கு, மூங்கில் இலைத் திரைக்குப் பின்னால் உறங்குவது யார் என்ற கேள்வி எழாமற்போவது விந்தைதான்.

யோக சாஸ்திரம் கூறும் இயமங்களில் அஹிம்சையோடு அஸ்தேயமும் அபரிக்ரஹமும் சேர்ந்தே வருகின்றன. பிறர் கொடாததை எடுத்தல் களவு. தேவைக்கு மேல் சேர்த்தல் பரிக்ரஹம். ஊர் திரும்பியபின் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கப்படாத நூறு படங்கள் செல்போனில் கிடப்பதை எந்தப் பெயரால் அழைப்பது? படமெடுக்கும் கலையை உண்மையாகப் பயின்றவர்களிடம் இந்த அவசரம் காணப்படுவதில்லை. அவர்கள் பிளாஷை அணைத்துவிட்டு, தொலைவில், ஓசையின்றி நிற்கிறார்கள். விலங்கு தானே திரும்பினால் ஒரு படம், திரும்பாவிட்டால் படமில்லை. அந்த நிற்றலில், கேமரா இல்லாமலே பார்த்திருக்கக்கூடிய பலவற்றை அவர்கள் பார்த்துவிடுகிறார்கள். மூச்சுக்கு ஏற்ப வால் உயர்ந்து தாழ்வதை, காற்றில் கிளை அசையும்போது உறக்கத்திலேயே நகம் இறுகுவதை.

டார்ஜிலிங் பூங்காவுக்குச் சொந்தமான இனப்பெருக்க மையம் ஒன்று டோப்கேதாரா என்ற இடத்தில் இருக்கிறது. பொதுமக்களுக்கு அங்கே அனுமதி இல்லை. இப்பூங்காவின் திட்டத்தில் வளர்ந்த இரண்டு செம்பாண்டாக்கள் 2003-ல் சிங்காலிலா தேசியப் பூங்காவின் காட்டில் விடப்பட்டன. காட்டுக்குத் திரும்பவேண்டிய விலங்கு மனித முகங்களுக்குப் பழகிவிடலாகாது. அதனால் விடுதலைக்கு ஆயத்தமாகும் உயிரை முதலில் பார்வையாளர்களின் கண்ணிலிருந்து விலக்கி வைக்கிறார்கள்.

மற்றவை பார்வைக்கூடத்திலேயே இருக்கின்றன. மாலையில் வாயில் மூடும் நேரம் நெருங்குகிறது. தோளில் இருந்த குழந்தை அழுது ஓய்ந்து உறங்கிவிட்டது. முகம் கிடைக்காத படங்களோடு கூட்டம் மெல்ல இறங்கிப் போகிறது. பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வருகிறது. கிளையின் உச்சியில் வால் விலகுகிறது. வெள்ளை முகம் ஒன்று இருபுறமும் நோக்குகிறது. பின்பு தலைகீழாக அடிமரத்தைப் பற்றி இறங்கி வந்து, செம்பாண்டா மூங்கில் இலைகளை ஒவ்வொன்றாகத் தின்னத் தொடங்குகிறது.