ஆட மறுப்பது அறமாகுமா?

கோலார் தங்கவயலில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கிப் பொன் எடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் உழைப்பாளிகள். ஆங்கிலேய நிறுவனத்தின் காலத்தில் அவர்கள் ‘லைன்’ வீடுகளில் வாழ்ந்தார்கள். வெள்ளை அதிகாரிகளுக்கோ பங்களாக்களும் தனி மன்றமும் இருந்தன. ஜோகன்னஸ்பர்கிலும் பொன் இருந்தது. அங்கே பாறையைக் குடைந்தவர்கள் கறுப்பின மக்கள். 1948 முதல் நிறப் பிரிவினையே தென்னாப்பிரிக்க அரசின் கொள்கையாயிற்று. எனவே அந்நாட்டின் கதை தங்கவயல் மக்களுக்கு அந்நியமானதன்று.

1974-ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியில் இந்திய அணி இறுதிச்சுற்றை எட்டியது. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் அணியின் தூண்களாக விளங்கினர். எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறியைக் கண்டித்து இந்தியா ஆட மறுத்தது; கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. அதன்பின் 1987-இல் இந்தியா மீண்டும் இறுதிச்சுற்றை எட்டித் தோற்றது. அக்கோப்பை இன்றுவரை நமக்குக் கிட்டவில்லை.

அரசு செய்யும் அநீதிக்காக அதன் விளையாட்டு வீரரோடு ஆட மறுப்பது நியாயமா?

1980-இல் ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்து அமெரிக்காவும் வேறு பல நாடுகளும் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. நான்கு ஆண்டுகள் கழித்து சோவியத் அணியினர் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்குச் செல்லவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறியதோ 1989-இல்தான். அங்கே ஒரு தண்டனை மறு தண்டனையைப் பெற்றது, அவ்வளவே.

தென்னாப்பிரிக்காவின் நிலை வேறு. அங்கே அநீதி விளையாட்டரங்கின் உள்ளேயே குடியிருந்தது. தோலின் நிறமே அணியைத் தீர்மானித்தது. அத்தகைய அணியோடு ஆடுவது அந்தப் பிரிவினைக்கு நாமும் உடன்படுவதாகும். பாதிக்கப்பட்ட மக்களின் தலைவர்களே உலகத்தை நோக்கி, “எங்கள் நாட்டோடு ஆடாதீர்கள்” என்று வேண்டினார்கள். ஆகவே அந்த மறுப்பு பிறரைத் தண்டிப்பதன்று, தீமையில் பங்குகொள்ளாதிருப்பது.

ஆயினும் ஒரு கேள்வி நெஞ்சை உறுத்துகிறது. மறுப்பதென்று முடிவு செய்தவர்கள் வேறு. இழந்தவர்கள் அந்த இளைஞர்கள். நாமே துறந்தால் அது தியாகம். பிறரைத் துறக்கச் செய்வது தியாகமாகுமா? இழப்பில் தானும் பங்கேற்பவனுக்கே அதைக் கேட்கும் தகுதி உண்டு. இந்தியா 1946-இலேயே தென்னாப்பிரிக்காவுடனான வாணிபத்தை முறித்துக்கொண்டு, அந்த நஷ்டத்தை ஏற்றிருந்தது. வணிகம் தடையின்றி நடக்க, வீரர்களை மட்டும் தடுப்பது அறமன்று, வசதி.

கர்மயோகம் செயலோடு செய்பவனின் மனத்தையும் நோக்குகிறது. வெறுப்பினால் மூடப்பட்ட கதவு காரணம் நீங்கிய பின்னும் திறப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் நிறவெறிச் சட்டங்களின் அடித்தளம் நீக்கப்பட்ட 1991-ஆம் ஆண்டிலேயே, நவம்பர் 10 அன்று, அந்நாட்டுக் கிரிக்கெட் அணியை கொல்கத்தா ஈடன் கார்டன் மைதானம் பேரன்போடு வரவேற்றது. ஆட மறுத்த நாடே முதலில் ஆட அழைத்தது.

மறுக்கும்போதே மீண்டும் அழைக்கும் நாளை நெஞ்சில் வைத்திருப்பவனின் மறுப்பே அறம்.