செவிக்கு வாய்த்த இமை

கண்ணுக்கு இமையுண்டு, வாய்க்கு இதழுண்டு. செவிக்கு மட்டும் இயற்கை கதவு வைக்கவில்லை. ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் ஸிம்மெல் 1908இல் வெளியான தம் பெருநூலில் புலன்களைப் பற்றி எழுதும்போது, காது எதையும் திருப்பித் தராமல் வாங்கிக்கொண்டே இருக்கும் தன்னலப் புலன் என்றும், அத்தன்னலத்துக்கு விலையாகவே வேண்டாத ஒலியையும் தடுக்க வழியின்றி அது ஏற்க நேர்கிறது என்றும் குறித்தார். பொது இடத்தில் ஹெட்போன் அணிவது மரியாதையா என்னும் கேள்வி இந்த விலையைப் பற்றியதே. அழைக்கும் குரலுக்குச் செவிசாய்க்க மனிதன் கடன்பட்டவனா, அன்றிச் செவி அவனுடைய தனிச்சொத்தா என்பதே அதன் அடியில் கிடக்கும் மெய்யியல் சிக்கல்.

1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் வாக்மேனில் இச்சிக்கல் ஒரு பொத்தானாகவே இடம்பெற்றிருந்தது. ஒருவர் மட்டும் தனித்து இசை கேட்பது உடனிருப்பவரிடம் மரியாதைக் குறைவாகப்படும் என்று நிறுவனத் தலைவர் அக்கியோ மொரிட்டா கருதியதால், இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகளும், ‘ஹாட்லைன்’ எனப்பட்ட ஆரஞ்சு நிறப் பொத்தானும் அதில் வைக்கப்பட்டன. பொத்தானை அழுத்தினால் பாட்டு தணிந்து, கருவியிலேயே இருந்த மைக் வழியாக எதிரிலிருப்பவரின் பேச்சு காதுக்கு வந்தது. வாங்கியவர்களோ அதைத் தமக்கே உரிய அந்தரங்கப் பொருளாகக் கொண்டுவிட்டனர் என மொரிட்டாவே பின்னர் எழுதினார். பிந்தைய மாதிரிகளில் அந்தப் பொத்தான் இல்லை.

நெரிசல் மிகுந்த நகரத்தில் எல்லோரும் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருக்க இயலாது என்பது மெய்தான். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல் ‘நாகரிகமான பாராமுகம்’ என்னும் பொருள்படப் பெயரிட்ட வழக்கம் அதற்காகவே உருவானது. அறியாதவரைக் கணநேரம் நோக்கி, அவர் இருப்பதை அறிந்ததாகக் காட்டிவிட்டு, உடனே பார்வையை விலக்கிக்கொள்வது அது. ஹெட்போன் இவ்வழக்கத்தின் பின்பாதியை வைத்துக்கொண்டு முன்பாதியைக் கைவிடுகிறது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் “இது தாம்பரம் போகுமா?” என்று கேட்கும் முதியவரைக் கருதலாம். கேள்வி காதில் விழாமல் போகிறது. அவர் தோளைத் தொடுகிறார். இளைஞர் ஒரு காதிலிருந்து மட்டும் கருவியை எடுத்துவிட்டுப் புருவத்தை உயர்த்துகிறார். இரண்டாம் முறை கேட்கும்போது முதியவரின் குரல் தாழ்ந்திருக்கிறது, கேள்வியோடு “தம்பி, தொந்தரவுக்கு மன்னிக்கணும்” என்பதும் சேர்ந்திருக்கிறது. இளைஞர் தன்மையாகவே விடை சொல்கிறார். ஆயினும், சாதாரணமாகக் கேட்டிருக்க வேண்டிய ஒன்று அதற்குள் விண்ணப்பமாக மாறிவிட்டது.

பிரெஞ்சு மெய்யியலாளர் எம்மானுவேல் லெவினாஸ் 1961இல் வெளியிட்ட ‘முழுமையும் முடிவின்மையும்’ என்னும் நூலின் கருத்து இங்கே துணைவரும். அவர் ‘முகம்’ என்றது கண்ணும் மூக்கும் சேர்ந்த வடிவத்தை மட்டுமன்று, பிறர் நம்மை விளித்துப் பொறுப்பேற்கச் செய்யும் அந்த நிலையை; அவ்விளி நம் இசைவுக்குக் காத்திராமல் வந்து சேர்வதால்தான் அறம் தொடங்குகிறது என்பது அவர் துணிபு. காதில் கருவி இருக்கும்போது இசைவு முந்திக்கொள்கிறது, விளி வாசலில் நிற்கிறது.

ஹெட்போனைச் சந்தைக்கடை இரைச்சலுக்கு நடுவே கிடைத்த தியானக் குகையாகப் போற்றுவோரும் உண்டு. அவர்கள் யோகத்தின் எட்டு உறுப்புகளில் ஐந்தாவதான பிரத்தியாகாரத்தை நினைவூட்டக்கூடும். புலன்களை அவற்றின் பொருள்களிலிருந்து மீட்டு உள்முகமாக்குவதே பிரத்தியாகாரம். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரமும் அதனைப் பேசுகிறது. ஆனால் ஹெட்போன் செவியை ஒலியிலிருந்து மீட்பதில்லை. வந்த ஒலியை விலக்கி விரும்பிய ஒலியை ஊட்டுகிறது. இதைத் துறவு என்பது, வீட்டுச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு ஓட்டலில் சாப்பிட்டவர் விரதம் இருந்ததாகச் சொல்லிக்கொள்வதைப் போன்றது. திருக்குறளில் ‘கேள்வி’ என்னும் 42ஆம் அதிகாரம் ‘கல்லாமை’க்கும் ‘அறிவுடைமை’க்கும் நடுவில் நிற்பதும் எண்ணத்தக்கது; அங்கே கேட்டல் என்பது பிறர் வாயிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ளும் அறிவுநெறி.

எனினும் அணிபவர் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியாகாது. இரவு ரயிலில் தனியே வரும் பெண் பாட்டே ஓடாத ஹெட்போனை மாட்டியிருந்தால், அது வேண்டாத பேச்சைத் தடுக்கும் கவசம். பேசுபவர் வரம்பு மீறும் இடத்தில் கேட்பவருக்குக் கடன் கிடையாது. இரைச்சலைத் தாங்கவியலாத உடல்நிலை உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். ஹெட்போனே இல்லாமல் பெட்டி முழுவதும் கேட்கும்படி செல்போனில் படம் பார்ப்பவரோடு ஒப்பிட்டால், மாட்டியிருப்பவர் புண்ணியவான்தான்.

கேடு கருவியில் இல்லை, யாருக்காக அது வழிவிடுகிறது என்பதில் இருக்கிறது. 2020இல் அதே சோனி நிறுவனம் வெளியிட்ட டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 என்னும் ஹெட்போனில், பேச்சுக்காகப் பாட்டைத் தானே நிறுத்தும் வசதி சேர்க்கப்பட்டது. அது நிற்பது, மாட்டியிருப்பவர் வாய் திறக்கும்போது, பக்கத்திலிருப்பவர் அழைக்கும்போதன்று.