வீட்டை விற்றுத்தான் வைத்தியமா?

மண்டையோட்டின் அடியில் தோன்றும் அபூர்வப் புற்றுநோய் 'கார்டோமா'. மூளைத்தண்டை ஒட்டியிருப்பதால், அறுவைக்குப் பின்னும் வேர் எஞ்சிவிடும். சாதாரண எக்ஸ்ரே கதிர் கட்டியைத் தாண்டியும் பாயும். புரோட்டான் கதிரோ, குறித்த ஆழத்தில் தன் வலுவைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். 1946-ல் ராபர்ட் வில்சன் சொன்ன யோசனை. 2019 முதல் சென்னையிலும் இச்சிகிச்சை உண்டு. செலவோ பல இலட்சம்.

"குமர்கள் குடியிருக்கும் வீட்டை விற்காவிட்டால், தற்கொலைப் பாவம் சேருமா ஹஜ்ரத்?" என்று ஒருவர் நம்மிடம் கேட்டார். சேராது. ஷாஃபிஈ மத்ஹபில் வைத்தியம் செய்வது சுன்னத். குணம் உறுதியில்லாத வைத்தியத்தை விட்டவர் குற்றவாளியல்லர்.

ஆனால், "தவக்குல் வையும், போதும்" என்று அவருக்கு உபதேசித்தாரே வசதியுள்ள உறவினர், அவரைத்தான் நாம் கேட்கிறோம்: தவக்குல் என்பது நோயாளி சொல்ல வேண்டியதா, பணப்பையை இறுக்கிக்கொண்டு நீர் சொல்ல வேண்டியதா? குடியிருக்க ஒரு வீடு இருப்பதனாலேயே ஏழைக்கு ஜகாத் விலக்கப்படுவதில்லை; இதையும் அவர் அறிந்துகொள்ளட்டும்.